சிலுப்பி நின்ற இடங்கள்

அழகுத்தாய்க்கு ஐம்பத்து நாலு வயது. அதில் முப்பத்தைந்து வருஷத்தை ஆட்டுக்குப் பின்னால் நடந்தே தீர்த்திருக்கிறாள். புதூரிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். சுற்றிலும் கரிசல், மழை பெய்தால் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயிலடித்தால் கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். அந்த மண்ணில் நாள் தவறாமல் எட்டு மைல் நடக்கிறவளுக்கு நெஞ்சு நோய் வருமா? உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு அல்லவா அதெல்லாம்! ஊரும் அப்படித்தான் நினைத்தது, அவளும் அப்படித்தான் நினைத்தாள். நினைப்புக்கு என்ன, வரியா வட்டியா?

இருபத்தாறு ஆடு. எல்லாம் கொடி ஆடு, நெட்டைக் கால், நீளக் காது. முன்னால் நடப்பது சிலுப்பி. குட்டியாக இருந்தபோதே யார் தொட்டாலும் தலையைச் சிலுப்பிக்கொண்டு போனதால் அந்தப் பேர். கழுத்தில் மணி கட்டியிருக்கும். சிலுப்பி நடந்தால் மந்தை நடக்கும், சிலுப்பி நின்றால் மந்தை நிற்கும். மந்தைக்குப் பின்னால் வாயில் புகையிலையும் தோளில் தொரட்டியுமாக அழகுத்தாய். முள் நிறைந்த உடை மரத்துக் காயை இழுத்துப் போட நுனியில் அரிவாள் கட்டிய நீளக் கம்பு அது. முப்பத்தைந்து வருஷமாக இடது தோளில்தான் அதைச் சாய்த்துக்கொள்வாள். இடது கண்ணில் தூசி விழுந்தால்கூடத் தொரட்டியைத்தான் திட்டுவாள்.

தை மாசம் பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஊருக்கு மேற்கே ஓடைப் பாலத்து ஏற்றத்தில் அது முதல் தடவை வந்தது. நெஞ்சு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அமுக்குகிற மாதிரி ஓர் அமுக்கம். இடது தோளிலிருந்து கைக்குள்ளே ஓர் இழுப்பு. கீழ்த்தாடையில் ஒரு கடுப்பு. தொரட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். முன்னால் போன சிலுப்பி, பின்னால் செருப்புச் சத்தம் நின்றதைக் கேட்டு, தானும் நின்று திரும்பிப் பார்த்தது. இரண்டு நிமிஷம். எல்லாம் வந்த வழியே போய்விட்டது.

வலி ஒன்றுதான். ஆனால் அழகுத்தாய் அதை மூன்றாகப் பங்கு வைத்துக்கொண்டாள். நெஞ்சில் இருப்பது வாய்வு. தோளில் இருப்பது தொரட்டி. தாடையில் இருப்பது சொத்தைப் பல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம். வாய்வுக்குப் பக்கத்து வீட்டு மதினி பாலம்மாள் பூண்டைச் சுட்டுக் கொடுத்தாள், ஓமத் திரவம் கொடுத்தாள். பல்லுக்குக் கிராம்பு. தோளுக்குத் தொரட்டியை வலப்பக்கம் மாற்றிப் பார்த்தாள். தொரட்டி வலப்பக்கம் போனது, வலி இடப்பக்கத்திலேயே இருந்தது. புத்தியுள்ளவள் அந்த இடத்தில் யோசித்திருக்க வேண்டும். இவளோ, “முப்பது வருச அழுத்தம், ஒரு நாளையில போயிருமா” என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதோடு, நின்றால் போய்விடுகிறதே! நின்றால் போகிற ஒன்றை நோய் என்று யாராவது சொல்வார்களா?

பங்குனியில் பாலம் வரைக்கும் போக முடியவில்லை. அதற்கு இப்பாலே இருக்கிற ஒற்றை உடை மரத்தடியில் நின்றாள். வைகாசியில் மரமும் தூரமாகிப்போய் செல்போன் டவர் பக்கத்தில் நின்றாள். ஆடி பிறந்தபோது, ஊர் எல்லையில் இருக்கிற ரேஷன் கடையைத் தாண்டுவதற்குள் நெஞ்சு அமுக்கியது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆட்டுக்கு லேசில் மறக்காது. எந்த இடத்தில் ஒரு நாள் நின்றதோ, அங்கே மறு நாளும் நிற்கும். போகப் போக அழகுத்தாய்க்கு வலி வருவதற்கு முன்பே சிலுப்பி நிற்க ஆரம்பித்தது. ரேஷன் கடை, டவர், உடை மரம், பாலம் என்று நாலு இடத்திலும் நின்று, கழுத்தைத் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்து, அவள் நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்த பிறகுதான் நடக்கும்.

வீட்டில் ஏன் வாயைத் திறக்கவில்லை? காரணம் இருந்தது. கீழத்தெருவில் கடற்கரை என்கிற அண்ணன் நாற்பது வருஷம் செம்மறி மேய்த்தவர். போன வருஷம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்தார். பிழைத்து வருவதற்குள் மகன்கள் ஒரே சனிக்கிழமையில் மொத்த மந்தையையும் எட்டயபுரம் சந்தைக்கு ஏற்றிவிட்டார்கள். இப்போது வெறும் பட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த வழியாக மந்தையை ஓட்டிப் போகும்போதெல்லாம் அழகுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் வீட்டுக்காரர் பூவனலிங்கமும் சும்மா இருக்கிறவர் இல்லை. காட்டில் உளுந்தும் கம்பும் போடுகிறவர். மூன்று வருஷமாக அவருக்கு ஒரே பாட்டு: “ஏட்டி, மகன் திருப்பூர்ல சம்பாதிக்கான். இந்த ஆட்டத் தள்ளிட்டு செவனேன்னு வீட்ல இரி.” வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆடு போய்விடும். ஆடு போனால் தான் என்ன செய்வது, எதற்கு விடிகாலையில் எழுந்திருப்பது? அதுதான் அவள் பயம். சாவைக்கூட அவள் அவ்வளவாக நினைக்கவில்லை.

ஆனால் ஆட்டு வயிறு பொய் சொல்லாது. நின்று நின்று போனால் மேய்ச்சல் நேரம் குறையும். சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது பூவனலிங்கம் ஒவ்வொன்றின் விலாவையும் தடவிப் பார்ப்பார். எல்லாம் ஒட்டிக் கிடந்தது. ஒரு நாள் காலை, ரேஷன் கடைப் பக்கம் பல் விளக்கிக்கொண்டு நின்றவர் சிலுப்பி நிற்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

“அட மூதி! இதுதான் மந்தையவே கெடுக்குது. கால்ல என்னமோ கோளாறு. வார சனிக்கெழம சந்தைக்கு ஏத்திர வேண்டியதுதான்.”

அழகுத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதெப்படி ஏத்துவீங்க? மொதல்ல புதூர் ஆட்டாஸ்பத்திரில காட்டுவோம். ஊசி போட்டா சரியாயிரும்.”

அப்படியாக, நோயாளி நன்றாயிருக்கிற ஆட்டைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வைத்தியத்துக்குப் போனாள். எங்கேயாவது கேட்டதுண்டா இந்தக் கூத்தை!

கால்நடை மருந்தகத்தில் சுந்தரேஸ்வரி என்ற டாக்டரம்மா இருந்தார். தூத்துக்குடிக்காரி, வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சிலுப்பியின் நாலு குளம்பையும் கீறிப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சிலுப்பி தலையைச் சிலுப்பிக்கொண்டே நின்றது.

“ஒண்ணும் தெரியலையே. அண்ணாச்சி, கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க.”

பூவனலிங்கம் வேப்ப மரத்தைச் சுற்றி ஓட்டினார். மூன்று சுற்று. சிலுப்பி மணியை ஆட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்தது.

“இப்ப அம்மா, நீங்க ஓட்டுங்க.”

ஒரு சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் பாதி வருவதற்குள் அழகுத்தாய்க்கு அமுக்க ஆரம்பித்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் மதில் சுவரில் கை வைத்தாள். முன்னால் போன சிலுப்பி நின்றது. திரும்பிப் பார்த்தது.

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்றார் பூவனலிங்கம். “இதே கததான் தெனமும். சனிக்கெழமக்கு இது இங்கன இருக்காது.”

டாக்டரம்மா ஆட்டைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கையைப் பார்த்தார். அழகுத்தாயின் மேலுதட்டில் பொடிப் பொடியாக வேர்த்திருந்தது.

“அம்மா, ஆடு எதுக்கு நின்னுச்சு?”

“சோம்பேறி முண்டம், வேற என்ன” என்று சொல்லத்தான் அழகுத்தாய் வாயெடுத்தாள். சிலுப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சத்தம் கொடுக்கிற வரைக்கும் நகராது. ஆறு மாசமாக இந்த வாயில்லாச் சீவன் தனக்காகக் காத்து நின்றிருக்கிறது, அதற்குக் கூலி கறிக்கடையா?

“அவ நிக்கல டாக்டரம்மா. நாந்தான் நிக்கேன். நான் நிக்கிறதனாலதான் அவ நிக்கா. அவள ஒண்ணும் செஞ்சிராதீங்க.”

பூவனலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது.

“எத்தன நாளாட்டி?”

“தையில இருந்து.”

“தையில இருந்தா! நான் ஒரு மனுசன் வீட்ல இருக்கனா இல்லையாட்டி?” கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியாத குரல்.

டாக்டரம்மா அழகுத்தாயை நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நடந்தால் வருகிறதா, நின்றால் போகிறதா, எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே போகிறது. பிறகு சொன்னார்: “நான் ஆட்டு டாக்டர். மனுசருக்கு இன்ன நோய்னு நான் சொல்லக் கூடாது. ஆனா இதை நாளைக்குப் பாத்துக்கிடுவோம்னு விடுற சங்கதி இல்ல. ஆட்ட நான் பாத்துக்கிடுதேன். இப்பவே கோவில்பட்டி போங்க. நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதீங்க, ஆட்டோவுலயே போங்க.” மேஜையில் இருந்த சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் இசக்கிதுரை அந்தச் சீட்டை வாய்விட்டுப் படித்தார். “வெள்ளாடு, பெட்டை, நாலு வயசு. பரிசோதித்ததில் நலம்.” கண்ணாடியைக் கழற்றி அழகுத்தாயை ஒரு தரம் பார்த்துக்கொண்டு மீதியைப் படித்தார். “ஓட்டி வந்தவருக்கு நடந்தால் நெஞ்சு அமுக்கம், ஆறு மாதமாகக் கூடி வருகிறது. தயவுசெய்து உடனே பார்க்கவும்.” படித்து முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

படுக்க வைத்து, மார்பிலும் கையிலும் காலிலும் ஒயரை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தது. ஈ.சி.ஜி. படத்தில் ஒன்றும் இல்லை.

“ஒண்ணுமில்லல்லா?” அழகுத்தாய் விருட்டென்று எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். “நான் அப்பவே சொன்னேன், வாய்வுன்னு. வாங்க, ஆட்ட இருட்டுறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிருவோம்.”

“உக்காருங்கம்மா” என்றார் டாக்டர். “இது நீங்க படுத்திருக்கும்போது எடுத்த படம். படுத்திருக்கும்போது உங்களுக்கு வலிக்குதா?”

“இல்ல.”

“அப்ப படத்துல எப்படித் தெரியும்? உங்களுக்கு வலி எங்க வருது, அத மட்டும் சொல்லுங்க.”

அழகுத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தையில் ஓடைப் பாலம். பங்குனியில் உடை மரம். வைகாசியில் டவர். இப்போது ரேஷன் கடை. நாலு இடத்திலும் சிலுப்பி தனக்காக நிற்பதையும் சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். பூவனலிங்கம் பதில் சொன்னார்: ஒண்ணரை மைல், ஒரு மைல், அரை மைல், கூப்பிடு தூரம். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அந்தக் கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்று எந்த மூடனுக்கும் தெரியும்.

“நடக்கவிட்டுப் பாக்கிற மெஷின் ஒண்ணு உண்டு” என்றார் டாக்டர். “உங்கள நான் அதுல ஏத்த மாட்டேன். அந்தச் சோதனைய உங்க ஆடு ஆறு மாசமாச் செஞ்சி முடிச்சிட்டு.”

அப்புறம் பொறுமையாக விளக்கினார். நெஞ்சு, தோள், தாடை மூன்றும் தனித்தனி வலி இல்லை. ஒரே இருதயம்தான் மூன்று இடத்தில் கூப்பிடுகிறது. இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு விழுந்தால், சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது, நடக்கும்போது ரத்தம் பற்றாமல் வலிக்கும். “நின்னா போயிருதுன்னுதான நீங்க வரல? நடந்தா வந்து, நின்னா போறதுதாம்மா இதுக்கு அடையாளமே. அதுவும் வர வரத் தூரம் கொறையுதுன்னா, ஒரு நாள் கூட ஆறப்போடக் கூடாது. உக்காந்தும் வலி போகலைன்னா, வேர்த்துக் கொட்டுச்சின்னா, 108-க்குப் போன் பண்ணணும். பூண்டு சுடக் கூடாது.”

அழகுத்தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “சார், நான் ஆடு மேய்க்கலாமா?”

“மொதல்ல திருநெல்வேலி போவோம். பெறகு சொல்லுதேன்.”

ஆஸ்பிரின் மாத்திரையைச் சவைக்கச் சொல்லி, அன்றைக்கே ஆம்புலன்ஸில் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காப்பீட்டு அட்டை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. பாலம்மாள் அதைத் தேடி எடுத்துக்கொண்டு, மாற்றுச் சேலையோடு அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அவளே துணைக்கு இருந்தாள். பூண்டு சுட்டுக் கொடுத்த குற்றத்துக்கு நாலு நாள் நாற்காலியிலேயே இருந்தாள், பாவம். பூவனலிங்கம் ஆட்டுக்காக ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இருபத்தாறு வயிறு இருக்கிறதே.

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இருதயத்தைத் திரையில் காட்டினார்கள். வேர் மாதிரி கிளை கிளையாக ஓடியது. ஒரு கிளையில் நடுவே மட்டும் நூலாக இளைத்திருந்தது. கிட்டத்தட்ட முழு அடைப்பு. அங்கேயே ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிச் சுருளை வைத்து விரித்தார்கள். நூலாக இருந்த இடம் நிறைந்து ஓடுவதை அழகுத்தாய் தன் கண்ணாலேயே பார்த்தாள். முதல் மழைக்கு ஓடையில் தண்ணீர் வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ், “அதான் வந்துட்டீங்கல்லா” என்று மட்டும் சொன்னாள்.

நாலாம் நாள் மத்தியானம் பூவனலிங்கம் வந்தார். முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஆடு எப்படி இருக்கு?” என்றாள் அழகுத்தாய். மனசு முழுக்க அதுதான். சந்தைக்கு ஏற்றியாயிற்று என்று சொல்லிவிடுவாரோ என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு நாளா நாந்தான் மேய்ச்சேன்.” அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துப் பிசைந்தார். “உன் தொரட்டியத் தோள்ல போட்டு, உன் செருப்பச் சத்தத்துக்கு மாட்டிக்கிட்டு. ரேஷன் கடைகிட்டப் போனதும் சிலுப்பி நின்னுட்டா. திரும்பி என் மூஞ்சியப் பாக்கா. ‘நட மூதி’ன்னேன். நடக்கல. ரெண்டு நிமிசம் நின்னுட்டுத்தான் நடந்தா. டவர்கிட்ட நின்னா. உட மரத்துல நின்னா. பாலத்துல நின்னா. நானும் கூட நின்னேன். ஒவ்வொரு எடத்துலயும் நீ நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நின்னிருக்கியேன்னு…” வார்டு முழுக்கப் பார்க்கிறது என்றுகூட நினைக்காமல் தேம்பினார். “ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலையேட்டி.”

அழகுத்தாயும் அழுதாள். பாலம்மாள் சும்மா இருப்பாளா, அவளும் அழுதாள்.

“நான் ஆட்ட வித்துருவேன்னுதான சொல்லாம இருந்த?”

அவள் தலையை ஆட்டினாள்.

“விக்க மாட்டேன். ஒன்ன மாதிரி நானும் வாய மூடிக்கிட்டு இருந்துருவேன்னு நெனைக்காத. ஊரு பூராச் சொல்லிட்டேன். கடற்கரை அண்ணன்கிட்டயும் சொன்னேன். அவரு என்ன சொன்னாருன்னா, எனக்கும் ஆறு மாசமா அப்படித்தான் நின்னு நின்னு வந்துச்சி, நான் எவன்கிட்டயும் சொல்லலங்காரு.”

அனுப்பும்போது இருதய டாக்டர் மாத்திரைகளைக் காட்டிக் காட்டிச் சொன்னார். ஸ்டென்ட் மாத்திரையை ஒரு நாளும் தானாக நிறுத்தக் கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். வாயில் அடக்குகிற புகையிலையை இன்றோடு விட்டுவிட வேண்டும். அழகுத்தாய் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் பழைய கேள்வியையே கேட்டாள்.

“சார், ஆடு?”

“ஒரு மாசம் மெதுவா வீட்டச் சுத்தி நடங்க. பெறகு வந்து காட்டுங்க. சரியா இருந்தா நீங்க கண்டிப்பா ஆடு மேய்க்கணும். உங்களுக்கு அதவிட நல்ல மருந்து என்கிட்ட இல்ல. கொஞ்ச நாளைக்குத் தொரட்டிய மட்டும் வேற ஆள் தூக்கட்டும்.”

அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புகையிலையை விடுவதுதான் வலியை விடுவதைவிடப் பெரும்பாடாக இருந்தது. முதல் இரண்டு வாரம் வீட்டில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க முடியவில்லை. பாலம்மாள் திண்டாடிப்போய்க் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து, சர்க்கரை நோயாளிக்கு அதுவா என்று அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

புரட்டாசி முதல் வாரத்தில், கோவில்பட்டியில் காட்டிவிட்டு வந்த மறு நாள், அழகுத்தாய் பட்டிப் படலைத் திறந்தாள். சிலுப்பி மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் போனது. ரேஷன் கடை வந்ததும் நின்றது. கழுத்தைத் திருப்பியது. அழகுத்தாய் நெஞ்சைக் கவனித்துக்கொண்டே நடந்தாள். ஒன்றும் இல்லை. நின்றுகொண்டிருந்த சிலுப்பியைத் தாண்டியே போய்விட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் ஆட்டுக்கு முன்னால் அவள் நடந்தது அன்றைக்குத்தான். சிலுப்பி திகைத்துப் போய், பிறகு மணி குலுங்க ஓடி வந்து முந்தியது. டவரிலும் நின்றது, மரத்திலும் நின்றது. ஏற்றம் ஏறிப் பாலத்தின் மேல் போய் அழகுத்தாய் தானாக நின்றாள். மூச்சு வாங்கியது; வெறும் மூச்சுத்தான். எதிரே கரிசல் முழுக்க உழுது போட்டு மழைக்குக் காத்துக் கிடந்தது. “எனக்கு ஒண்ணுமில்லட்டி. போ, மேயி” என்றாள். சிலுப்பி தலையைச் சிலுப்பிக்கொண்டு போனது.

பத்து நாளில் சிலுப்பிக்கு எல்லாம் மறந்துவிட்டது. இப்போது ரேஷன் கடையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் காலையில் மந்தையோடு தொரட்டியைத் தூக்கிக்கொண்டு பூவனலிங்கமும் வருகிறார். ரேஷன் கடை வந்ததும் நின்றுவிடுகிறார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, “வலிக்காட்டி?” என்று கேட்கிறார். நாள் தவறினதில்லை.

“இந்தாங்க, ஆடே மறந்துட்டு” என்று கத்துகிறாள் அழகுத்தாய், டவரைத் தாண்டிப் போய்க்கொண்டே. “நீங்க இன்னும் எதுக்கு அங்கன நிக்கிய? நடங்க!”